உம்மணாமூஞ்சி வாங்கின கம்பெனி

…எங்க வீட்டுக்காரரைப் பத்தி மட்டும் கேக்காதீங்க தம்பி! வாசல்ல நின்னு "சார் இல்லையா"ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எனக்கு சுருக்குன்னுச்சு. இருக்காரு, இருக்காரு. இல்லாம எங்க போவாரு? போறதுக்கு ஆபீஸா இருக்கு? மாடிக்கு பல்பு வாங்கிட்டு வர்றேன்னு கடைக்குப் போயிருக்காரு. ஒரே ஒரு பல்பு. அதுக்கு இஸ்திரி போட்ட சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. பல்புக்காரன் என்ன இன்டர்வியூவா வெக்கப் போறான்? பாத்து, பாத்து வாங்க… இந்தப் படியில கைப்பிடி கொஞ்சம் ஆடும். சரி பண்ணச் சொல்லியிருக்கேன். யார்கிட்டன்னு கேக்கறீங்களா? அவர்கிட்டத்தான். அதான் ஆடுது.

என்னவோ சொல்ல வந்தீங்களே? … சரி, அப்புறம் சொல்லுங்க. முதல்ல வீட்டைப் பாருங்க.

இது ஹாலு. அந்த ஜன்னலைத் தொறந்தா காத்து பிச்சுக்கும். அந்தப் பக்கம் ரூம், இந்தப் பக்கம் சமையக்கட்டு. குழாயைத் தொறந்தா தண்ணி வரும். சிரிக்காதீங்க, எத்தனை வீட்டுல வருது? விளம்பரத்துல போட்ட வாடகைதான், அதுல பேச்சே கிடையாது. ஆறு மாச அட்வான்ஸ். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. நாய், பூனை கூடாது. பைக்கை வெளியிலதான் நிறுத்தணும். மொட்டைமாடி எங்களுக்கு மட்டும். இதெல்லாம் முதல்லயே கறாரா சொல்லிடறது நல்லது பாருங்க. எனக்கு இந்த வழவழா கொழகொழா பேச்சே பிடிக்காது.

…

என்ன தம்பி, ஹெல்மெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறீங்க? ஆறு மாசம் ஜாஸ்திங்கறீங்களா? மூஞ்சியிலயே தெரியுதே. சரி, அஞ்சு. அஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டேன். அதை அந்த மேஜையில வெச்சுட்டு உக்காருங்க.

இப்ப நாம உள்ள வந்தோமே, கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சா? கேட்டிருக்காது. மேல பாருங்க, ஒரு டப்பாவும் அதுக்கு மடக்குன கையுமா இருக்கு பாருங்க… அதான் எங்க கம்பெனி பண்றது. எவ்வளவு வேகமாத் தள்ளினாலும் கதவு அப்படியே பூப்போல வந்து மூடிக்கும். ஆஸ்பத்திரி, பேங்க், ஓட்டல்… எங்கெல்லாம் கதவு டமால்னு அடிக்கலையோ, அங்கெல்லாம் எங்க சாமான்தான். எங்கன்னா, எங்க முதலாளியோட கம்பெனி. இவரு அங்க ஜெனரல் மேனேஜர். இருந்தாரு. எங்க வீட்டுல எல்லாக் கதவுக்கும் மாட்டி வெச்சிருக்காரு. கோவம் வந்தா ஒரு கதவைப் படார்னு சாத்தக்கூட முடியாது தம்பி எனக்கு! சண்டை போட்டுட்டு வீராப்பா ரூமுக்குள்ள போவேன், இழுத்து அடிப்பேன், அது மெதுவா… மெதுவா… வந்து மூடும். இவரு அந்தச் சந்து வழியாப் பேசிக்கிட்டே இருப்பாரு.

ஆமா, அப்பல்லாம் பேசுவாரு. என்ன பேச்சு! எங்க கல்யாணத்துல வந்தவங்களுக்கு வணக்கம் சொல்றேன்னு மைக்கைப் பிடிச்சவரு, பந்தியில எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் குடுத்தாரு. லிஃப்ட்ல போனா லிஃப்ட்ல வர்றவங்ககிட்ட, ராங் நம்பர் வந்தா அவங்ககிட்ட. எங்க அம்மா அப்பவே சொன்னாங்க, மாப்பிள்ளைக்கு வாய் காது வரைக்கும் இருக்குதுன்னு. நான்தான் கேக்கல. நமக்கு அளவாப் பேசித்தான் பழக்கம் பாருங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், கம்பெனி. முதலாளிக்கு வயசாயிடுச்சு. ஒரே பொண்ணு, அது வெளிநாட்டுல டாக்டர். அதுக்குக் கதவும் வேணாம், டப்பாவும் வேணாம். அப்பதான் கடல் கடந்து ஒரு கதவுக் கம்பெனிக்காரங்க வந்தாங்க. அவங்க கதவு பண்றாங்க, நாங்க கதவை மூடறதைப் பண்றோம், ரெண்டையும் சேத்துட்டா நல்லதுதானே? நல்லதுதான். யாரு இல்லைன்னா? முதலாளி இவரைக் கூப்பிட்டு, "நீதான்டா பேசற ஆளு, நீயே பேசி முடி"ன்னுட்டாரு. அதுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு தம்பி. "விலை முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்ல. அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, ஃபேக்டரியை இங்கேயிருந்து நகத்தக் கூடாது. அதை மட்டும் விட்டுடாதே"ன்னாரு. இவரு நெஞ்சைத் தட்டிக்கிட்டு வந்தாரு. எங்க தங்கச்சி வீட்டுக்காரர்கூட அங்கதான், பெயிண்ட் அடிக்கிற பிரிவுல. "சகலை, நான் இருக்கேன், கவலையே படாதே"ன்னு போன்ல ஒரு மணி நேரம் தைரியம் சொன்னாரு. அவன் தைரியமாத்தான் இருந்தான் பாவம். இவரு பேசப் பேசத்தான் அவனுக்குப் பயமே வந்திருக்கு.

அப்புறம் பாருங்க, கம்பெனியில ஒரு டை கட்டினவனைக் கூட்டியாந்தாங்க. வெளிநாட்டுக்காரங்ககிட்ட எப்படிப் பேசணும், எப்படி உக்காரணும், எப்படித் தும்மணும்னு பாடம் நடத்தறவனாம். அவன் இவருக்கு வகுப்பு எடுத்தான். "சார், அந்த நாட்டுக்காரங்க பேசாம இருந்தாங்கன்னா கோவத்துல இருக்காங்கன்னு அர்த்தம். அதை வளர விடக் கூடாது. உடனே ஏதாவது பேசி சமாதானப்படுத்திடணும்"னான். இவருக்கு இதை விட என்ன வேணும்? வெறும் வாயை மெல்லறவருக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு!

வீட்டுல ஒத்திகை வேற. சாப்பாட்டு மேஜையில அந்தப் பக்கம் என்னை உக்கார வெச்சு, நான்தான் வெளிநாட்டுக்காரியாம், பேசாம முறைச்சுப் பாக்கணுமாம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம்! பல்லைக் கடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அதுக்குள்ள இந்த மனுஷன் எங்க வீட்டு ஃபிரிட்ஜை எனக்கே குடுத்துட்டாரு! "நல்லா இருக்கா?"ன்னு கேட்டாரு. "ரொம்ப நல்லா இருக்கு, இப்படியே பேசுங்க, மரியாதையா இருக்கு"ன்னேன். … அது… அது ஏதோ பேச்சுக்குச் சொன்னது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? செவுத்தைப் பாக்கறீங்களா? ஆணியா? சரி, நாலஞ்சு ஆணி அடிச்சுக்குங்க. ஒரு படம், ஒரு கடிகாரம், காலண்டர்… மனுஷன் வேற எங்க மாட்டுவான்?

வந்தாங்கய்யா அவங்க. ஒரு வக்கீல், ஒரு கணக்குக்காரர், ஒரு இன்ஜினீயர், மொழிபெயர்க்கறதுக்கு ஒரு பொண்ணு. அப்புறம் அவங்க தலைவி. சாம்பல் கலர் கோட்டு, சின்னதா வெட்டின முடி. முகத்துல ஒரு சிரிப்பு, ஒரு சுளிப்பு, ஒண்ணு கிடையாது. இவரு முதல் நாளே பேரு வெச்சுட்டாரு, உம்மணாமூஞ்சின்னு.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. கணக்கைப் பாத்தாங்க, மெஷினைப் பாத்தாங்க, நிலம் யாரு பேருல இருக்குன்னு பாத்தாங்க, சாக்கடை எங்க போய்ச் சேருதுன்னு பாத்தாங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படித் தோண்டித் துருவ மாட்டாங்க. பாத்து முடிச்சதும் மீட்டிங் ரூமுக்குள்ள எல்லாரும் உக்காந்தாங்க. அவங்க குளிர் நாட்டுக்காரங்க, ஏசியைக் கடைசி வரைக்கும் தள்ளி வெச்சுட்டாங்க. எங்க முதலாளி தலையில மஃப்ளர் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாராம், சொந்தக் கம்பெனியில!

இவரு விலை சொன்னாரு. நல்லா கம்பீரமா சொன்னாரு. அந்தப் பொண்ணு மொழிபெயர்த்துச்சு. அந்தம்மா மேஜையைப் பாத்தாங்க.

பாத்தாங்க… பாத்துக்கிட்டே இருந்தாங்க.

கொஞ்சம் பொறுக்க வேண்டியதுதானே தம்பி? ஒரு மூச்சு விடற நேரம்? இவருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சாம். "இது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்ன விலைதான்"ன்னுட்டாரு! யாரு கேட்டா? முதலாளி மேஜைக்கு அடியில இவரு தொடையில கிள்ளினாரு. ராத்திரி இவரு வீட்டுக்கு வந்து காட்டினாரு எனக்கு, நீலமா கன்னிப் போயிருந்துச்சு. அந்தக் கிள்ளையும் தாண்டி குறைச்சிருக்காரு மனுஷன். குறைச்சாரு, அந்தம்மா பேசல. இன்னும் குறைச்சாரு, பேசல. அவங்க தண்ணி குடிச்சாங்க. அதுக்கும் கொஞ்சம் குறைச்சாரு.

விலையோட நின்னுச்சா? எந்த நாட்டுப் பணத்துல குடுக்கறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அமைதி. "உங்க பணத்துலயே குடுங்க"ன்னாரு. தகராறு வந்தா எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போறது? அமைதி. "உங்க கோர்ட்டே நல்ல கோர்ட்டு"ன்னாரு, என்னவோ அங்கயே பொறந்து வளந்து கேஸ் நடத்தினவரு மாதிரி. கம்பெனி பேரு இருக்கே, அது முதலாளியோட அம்மா பேரு தம்பி. ஒவ்வொரு டப்பாவுலயும் அந்தப் பேரை அச்சடிச்சிருக்கும். இதோ, எம்பிப் பாத்தா தெரியும். பேரை என்ன பண்றதுன்னு அவங்க வக்கீல் கேட்டாரு. அந்தம்மா ஜன்னலைப் பாத்தாங்க. "பேருல என்னங்க இருக்கு"ன்னு இவரு சொன்னப்ப, முதலாளி எழுந்துட்டாராம். மாத்திரை போட்டுட்டு வர்றேன்னு வெளிய போனாரு.

அவரு போன நேரத்துலதான் அந்த வேலை விஷயம் வந்துச்சு.

இவரு நல்லாத்தான் ஆரம்பிச்சாரு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். "அஞ்சு வருஷம், ஒருத்தரையும் தொடக் கூடாது, ஃபேக்டரி நகரக் கூடாது"ன்னு மேஜையைத் தட்டியே சொன்னாரு. அந்தம்மா இவரையே பாத்தாங்க. கண்ணைக்கூட சிமிட்டலையாம். இவரு, "அஞ்சுன்னா… அஞ்சேதான்னு இல்ல…"ன்னு இழுத்தாரு. நாலு. மூணு. அந்தப் பொண்ணு பாவம், வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்த நம்பரைச் சொல்றாராம். முதலாளி மாத்திரை போட்டுட்டு வர்றதுக்குள்ள ஒரு வருஷத்துல வந்து நின்னுச்சு. அத்தனை குடும்பம் தம்பி! மாத்திரை தொண்டையில இறங்கற நேரம்!

அதோட விட்டாரா? ரூம்ல எல்லாரும் உம்முனு இருக்காங்களேன்னு கலகலப்பாக்கறாராம். "வேணும்னா என் நாற்காலியைக்கூட எடுத்துக்குங்க, ஹஹ்ஹஹா"ன்னாரு. அந்தப் பொண்ணு அந்த 'ஹஹ்ஹஹா'வை விட்டுட்டு மீதியை அப்படியே மொழிபெயர்த்துடுச்சு. அவங்க வக்கீல் குறிச்சுக்கிட்டாரு. அப்பதான் முதல் தடவையா அந்தம்மா தலையை ஆட்டினாங்களாம்! இவரு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு அவங்களையே தலையாட்ட வெச்சுட்டேன் தெரியுமா"ன்னு பெருமை அடிச்சுக்கிட்டாரு என்கிட்ட.

முதலாளி ஏன் கையெழுத்துப் போட்டாருன்னுதானே யோசிக்கறீங்க? எல்லாரும் கேக்கறாங்க. பொண்ணு போன் பண்ணி, "அப்பா, முடிச்சுத் தொலைங்க, உங்க உடம்பு முக்கியம்"னு அழுதுச்சாம். போட்டாரு. இவரு மூஞ்சியை மட்டும் நிமிந்து பாக்கல.

இருங்க, இன்னும் முடியல. உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க! பைக்கை நினைச்சுக் கவலைப்படறீங்களா, வெயில்ல நிக்குதேன்னு? சரி, கேட்டுக்கு உள்ளயே நிறுத்திக்குங்க. எங்க கார் போனப்புறம் அந்த இடம் சும்மாதானே கிடக்கு. அதுவும் கம்பெனிக் கார்தான்.

கையெழுத்தெல்லாம் போட்டு முடிச்சு எல்லாருக்கும் விருந்து. இவரு பக்கத்துல அந்த மொழிபெயர்க்கற பொண்ணு உக்காந்திருக்கு. நல்ல பொண்ணு, மனசு கேக்காம சொல்லியிருக்கு. "சார், எங்க மேடம் ஏன் அவ்வளவு நேரம் பேசாம இருந்தாங்க தெரியுமா? இங்க வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கும் ஒருத்தர் வகுப்பு எடுத்தாரு. 'அந்த நாட்டுக்காரங்க விலை சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க, அது மரியாதை இல்லாத மாதிரி ஆயிடும். கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துட்டு அப்புறம் சொல்லுங்க'ன்னாரு. மேடம் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தாங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள நீங்க பேசிடுவீங்க. அவங்க மறுபடி முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிப்பாங்க. நீங்க முதல்ல சொன்ன விலைக்கே சரின்னு சொல்லத்தான் சார் நாங்க இருந்தோம்"னுச்சாம்.

கேட்டீங்களா கதையை? முதல்ல சொன்ன விலைக்கே! அந்த அஞ்சு வருஷத்துக்கும்தான்! ரெண்டு பக்கமும் பாடம் நடத்தினவன் ஒரே ஆளாத்தான் இருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம். ஃபீஸை மட்டும் ரெண்டு தடவை வாங்கியிருப்பான்.

விருந்துலேர்ந்து வந்தவரு சோபாவுல உக்காந்தாரு. பேசல. நான் என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேக்கறேன், விஷயத்தைச் சொன்னாரு. அதுக்கப்புறம் வாயைத் தொறக்கறதே இல்ல. சாப்பிட வாங்கன்னா வர்றாரு. போதுமான்னா கையை நீட்டித் தடுக்கறாரு. ராங் நம்பர் வந்தா கேட்டுக்கிட்டே இருந்துட்டு வெச்சுடறாரு. எனக்கு எப்படி இருக்கும்? இத்தனை வருஷம் ரேடியோ ஓடின வீடு தம்பி. நான் ஒருத்தியே ரெண்டு பேருக்கும் சேத்துப் பேச வேண்டியிருக்கு.

அவராவது பரவால்ல. என் தங்கச்சி இருக்கா பாருங்க… விஷயம் தெரிஞ்சதும் வந்தா. வாசல்ல அவ செருப்பு சத்தம் கேட்டதுமே ஓடிப் போய்க் கதவைத் தொறந்தேன். கீழ அந்தப் பிரம்பு நாற்காலியில உக்காந்தா. தண்ணி குடுத்தேன், குடிச்சா. டம்ளரை வெச்சா. அவரைப் பாத்தா, என்னைப் பாத்தா, எழுந்து போயிட்டா. கத்தியிருக்கலாம்ல? "உன் புருஷன் என் புருஷன் சோத்துல மண்ணைப் போட்டுட்டாரே"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நானும் பதிலுக்கு நாலு சொல்லி, ரெண்டு பேரும் அழுது மூக்கைச் சிந்திக்கிட்டு எழுந்திருப்போம். அவ பேசலையே! போன் பண்ணினா எடுக்கறா, காதுல வெச்சுக்கறா, மூச்சு கேக்குது, அவ்வளவுதான். நான் பேசிக்கிட்டே இருக்கேன். இந்த மாடியை அவளுக்குச் சும்மாவே தர்றேன்னு சொன்னேன். மூச்சு. போன தடவை என் வளையலைத் தர்றேன்னு சொல்லிட்டேன். அவ கேக்கவே இல்ல தம்பி. வந்து வாங்கிக்கவும் இல்ல. அந்த ஒரு வருஷம் ஓடிக்கிட்டே இருக்கு. ஃபேக்டரியில மெஷினுக்கெல்லாம் அளவு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்…

சரி, விடுங்க. என் கதை எதுக்கு உங்களுக்கு. என் கண்ணுல ஏதோ தூசி. ஜன்னலைச் சாத்தறேன்.

…

சொல்லுங்க தம்பி, வீடு பிடிச்சிருக்கா?

…

பிடிக்கலையா? வாடகையா? அட, நான் என்ன கல்லு மனசுக்காரியா? கொஞ்சம் குறைச்சுக்கலாம். விளம்பரத்துல யாரு வேணா என்ன வேணா போடுவாங்க. அட்வான்ஸு நாலு… சரி, மூணு போதும். பூனை வெச்சிருக்கீங்களா? பேன்ட்டுல முடி ஒட்டியிருக்கே. கூட்டிட்டு வாங்க, பூனை வீட்டுக்கு நல்லதுதான். நாயும் இருந்தா… அதுவும் வரட்டும். வெள்ளை அடிச்சுத் தரணுமா? அடிச்சுத் தர்றேன். கரண்ட் பில்லுல பாதியை… ஐயோ, ஏதாவது வாயைத் தொறந்து சொல்லுங்களேன்! இப்படிக் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது?

ஆங்? … என்னது? … சாவியா? சாவி எதுக்கு இப்பவே?

நேத்தே பேசி முடிச்சாச்சா! யார்கூட? … இவர்கூடவா! போன்லயா? என்கிட்ட ஒரு வார்த்தை… ஆமா, அவருதான் பேசறதே இல்லையே. இருங்க, இருங்க. எவ்வளவுக்கு முடிச்சாரு? … விளம்பரத்துல போட்ட வாடகைக்கேவா? அட்வான்ஸு? … எட்டு மாசமா! நாங்க ஆறுதானே கேட்டோம்? … நீங்க "ஆறு மாசம்தானே சார்"னு கேட்டீங்களா. சரி. அவரு என்ன சொன்னாரு? … ஒண்ணும் சொல்லலையா. அப்புறம்? … நீங்க ஏழுன்னீங்களா. அப்பவும் பேசலையா. நீங்களே எட்டுன்னு… காலையில பேங்க்ல போட்டும் விட்டுட்டீங்களா!

இதைச் சொல்லத்தான் வாசல்ல வாயைத் தொறந்தீங்களா தம்பி? தொறந்தவரு சொல்லியிருக்கக் கூடாதா? … நான் எங்க விட்டேன்னா? நானா? நல்லா இருக்கே கதை!

சரி. அப்ப இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் இல்லைன்னு வெச்சுக்குவோம். அந்த மூணு மாசம், பூனை, நாய், ஆணி, பைக்கு, வெள்ளை… எல்லாம் காத்துல போயிடுச்சு. நீங்களும் அவரும் பேசினபடியே இருக்கட்டும். அதானே நியாயம்?

…

நியாயம்தானே தம்பி?

… ஏன் சிரிக்கறீங்க? ஏன் மேஜையைப் பாக்கறீங்க? இது எப்பக் கத்துக்கிட்டீங்க?

அப்பாடா, படியில சத்தம்! அவருதான். வாங்க, வாங்க! பல்பு கிடைச்சுதா? அது கிடக்கட்டும். இந்தத் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க, பேசினது பேசினதுதான்னு. நான் சும்மா பொழுதுபோக்காச் சொன்னதை எல்லாம் இவரு பிடிச்சுக்கிட்டு… என்னங்க? ஏங்க அப்படியே நிக்கறீங்க? சொல்லுங்களேன்! எத்தனை பேச்சுப் பேசின வாய் அது… தம்பி, நீங்களாவது…

ஐயோ, ரெண்டு பேரும் இப்படி ஆளுக்கொரு பக்கம் நின்னு பாத்தா எனக்குப் படபடன்னு வருதே! சரி… சரி தம்பி. மொட்டைமாடியும் நீங்களே வெச்சுக்குங்க. துணி காயப் போட எனக்கு ஒரே ஒரு கொடி மட்டும்… ஓரமா…

…

அந்தக் கொடியும் வேணாமா? சரி, வேணாம்.